மைனஸ் வந்தா அடிச்சிடலாமா?



நம் சுவரிதழில் கவிதை, பொன்மொழி, விடுகதை எல்லாம் வருகிறது. கணக்கு மட்டும் வருவதே இல்லை. அதனால் நான் கணக்கைப் பற்றி எழுதுகிறேன். ஓடிடாதீங்க! வர்க்கமூலம் வருகிற சமன்பாட்டை நமக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது.

தெரியாத எண்ணை 'க' என்று வைத்துக்கொள்வோம்.

√(க + 6) = க

மூலக்குறி போகணும்னா இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்த வேண்டும். க + 6 = க². மாற்றி எழுதினால் க² − க − 6 = 0. காரணிப்படுத்தினால் (க − 3)(க + 2) = 0. விடை 3, −2.

3-ஐப் போட்டுப் பாருங்க. √9 = 3. சரி. −2-ஐப் போடுங்க. √4 = 2, ஆனால் வலது பக்கம் −2 நிக்குது. பொருந்தவில்லை. √ குறி போட்டால் மைனஸ் மதிப்பு வராது. ஒரு படியிலும் தப்பு இல்லை, ஆனாலும் ஒரு விடை தப்பு!

காரணம் வர்க்கப்படுத்தியதுதான். 3-க்கும் வர்க்கம் 9, −3-க்கும் வர்க்கம் 9. நம்ம குப்பனூர்க்காரங்களுக்கு இது சுலபமாப் புரியும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு உள்ள அடிவாரம் ரோடு ஒன்று, நம்ம ஊர் ரோடு ஒன்று. மேலே ஏரிக்கரையில் நிற்கிற ஒருவரைப் பார்த்து, எந்த வழியா ஏறி வந்தாருன்னு சொல்ல முடியுமா? 9-ஐப் பார்த்தாலும் அப்படித்தான். √(க + 6) = −க என்ற வேறொரு கணக்கை வர்க்கப்படுத்தினாலும் அதே க + 6 = க² தான் வரும். −2 அந்தக் கணக்கோட விடை. பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளி நம்ம வீட்டுத் திண்ணையில உட்கார்ந்துட்ட மாதிரி.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வேறு ஊரில் டியூஷன் படிச்சாங்க. "மைனஸ் வந்தா அடிச்சிடு" என்று மட்டும் அங்கே சொல்லிக் கொடுத்தார்களாம். ஏன் என்று கேட்டதற்கு, "மார்க் வேணுமா, விளக்கம் வேணுமா?" என்று பதில். பரீட்சையில் நான் மேலே சொன்ன இரண்டாவது கணக்கு மாதிரி ஒன்று வந்தது. அதில் −2 தான் சரி, 3 தான் தப்பு. அக்கா பழக்கப்படி மைனஸை அடிச்சிட்டாங்க. "எனக்குக் கணக்கு வராது"ன்னு சொல்லி பிளஸ் ஒன்ல கணக்கு குரூப்பே எடுக்கலை. கடையில சில்லறையை நொடியில கூட்டிச் சொல்ற அக்கா அவங்க!

2019-ல் வந்த பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் √(க(க − 7)) = 3√2 என்று ஒரு கணக்கு இருக்கிறது (புத்தகத்தில் எழுத்து வேறு). விடை 9, −2. போட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் √18 வரும். அதுதானே 3√2! இதிலும் மைனஸை அடிச்சா என்ன ஆகும்?

அதனால் என் கருத்து: சரிபார்ப்பதை நேரம் இருந்தா எழுதுற வரியா வைக்கக் கூடாது. முதல் நாளே அதைத்தான் சொல்லித் தரணும். போர்ஷன் முடிக்கணும் என்கிற ஆசிரியர்களின் கஷ்டம் எங்களுக்கும் தெரியும். ஆனால் இதுக்கு இரண்டு வரிதான் ஆகும். வகுப்புத் தேர்விலாவது அந்த இரண்டு வரிக்கு ஒரு மார்க் ஒதுக்குங்க, நாங்க எல்லாரும் எழுதுவோம்!

இன்னொன்று. கணக்கை எங்களையே உண்டாக்கச் சொல்லலாம். விடையிலிருந்து பின்னாடி போகணும். 3 = √9. 9 = 3 + 6. அப்போ √(க + 6) = க. அவ்வளவுதான்.

ஈரோட்டில் 1887-ல் பிறந்த இராமானுஜன் 1911-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு கேள்வி கேட்டார். √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) இப்படி முடிவே இல்லாமல் போனால் மதிப்பு என்ன? ஆறு மாதத்துக்கு மேல் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3. பார்த்தால் பயமா இருக்கு, ஆனா பின்னாடியிருந்து பாருங்க. 3 = √(1 + 8), அந்த 8 என்பது 2 × 4. 4 = √(1 + 15), அந்த 15 என்பது 3 × 5. 5 = √(1 + 24), அந்த 24 என்பது 4 × 6. ஒவ்வொரு படியையும் நம்ம வகுப்புப் பிள்ளைகளே சரிபார்க்கலாம். நான் ரஃப் நோட்டில் 10 வரைக்கும் போனேன், நிறுத்தவே மனசு வரலை.

நான் உண்டாக்கிய கணக்கு இரண்டு:

√(க + 20) = க

√(5க − 6) = க

ஒன்றில் ஒரு விடை விழும், இன்னொன்றில் இரண்டுமே நிற்கும். எது எதுன்னு போட்டுப் பார்த்து எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் எங்க வகுப்பு லீடரிடம் கொடுங்க. வெறும் விடை மட்டும் எழுதினா வாங்க மாட்டோம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி