யாரைப் பார்க்க வேண்டும்?

ஊர் சுற்றுவதைச் சோம்பேறித்தனம் என்றும், பெண் பிள்ளைகள் விஷயத்தில் அதனினும் பெரிய குற்றமென்றும் கருதிவந்த நம் சமூகத்தில், அதையே பரீட்சைக்குரிய பாடமாக எடுத்துக்கொண்டு, ஆசிரியர்களின் முழுச் சம்மதத்தோடும் பெற்றோரின் அரைச் சம்மதத்தோடும் ஒரு பெண் தெருத்தெருவாக நடந்துகொண்டிருக்கிறாள் என்றால், அந்த நடையைப் பற்றி இந்த வாரம் இரண்டொரு பக்கம் எழுதுவதில் தவறில்லை என்று நினைக்கிறேன். சின்னாளப்பட்டி நெசவுக் குடும்பமொன்றைச் சேர்ந்தவள் அவள். கவின்கலைக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறாள். சட்டத்துக்குள் அடங்கும் ஓவியமாகவும் இல்லாமல், பீடத்தின்மேல் நிற்கும் சிற்பமாகவும் இல்லாமல், ஓர் அறை முழுவதையும் பலவகைப் பொருள்களால் நிரப்பி, பார்க்க வருகிறவரை அவற்றினூடே நடக்கவைக்கும் படைப்பு முறை ஒன்றுண்டு. மாணவர்கள் அதை இன்ஸ்டலேஷன் என்றே சொல்லுகிறார்கள், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். அவள் எடுத்துக்கொண்ட விஷயம், ஊரின் பெயர்ப்பலகைகளும் அவற்றின் நடுவே இலக்கில்லாமல் நடப்பவர் மனமும்.

இலக்கில்லாத நடையைக் கலையாக்கிய முன்னோடிகள் அவளுக்கு இல்லாமலில்லை. அவளுடைய குறிப்பேட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் மேல்நாட்டார். பாரிஸ் நகரத்தில் கீ தெபோர் என்பவரும் அவருடைய சகாக்களும், நகரமானது தன் சாலைகளாலும் கடைகளாலும் வேலை நேரங்களாலும் மனிதனை எந்நேரமும் ஏதோவொரு காரியத்துக்காகவே நடக்கவைக்கிறதென்றும், அந்த ஆக்ஞையை மீறிக் கால் போன போக்கில் நடப்பதே ஒரு கலகமென்றும் வாதித்து, 1956-இல் அதற்கு ஒரு சாஸ்திரமே எழுதினார்கள். மறுவருஷம் பாரிஸின் வரைபடத்தைத் துண்டு துண்டாக வெட்டி, அத்துண்டுகளைச் சிவப்பு அம்புக்குறிகளால் இணைத்து, எந்தப் பிரயாணிக்கும் உதவாத ஒரு படத்தை அச்சிட்டு வெளியிட்டார்கள். லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளியில் மாணவராயிருந்த ரிச்சர்ட் லாங், 1967-இல் ரயிலேறி நகரத்துக்கு வெளியே போய், ஒரு புல்வெளியில் ஒரே கோட்டில் முன்னும் பின்னுமாக நடந்து, மிதிபட்ட புல்லால் உண்டான அந்தக் கோட்டைப் புகைப்படம் எடுத்துவந்து அதையே தம் படைப்பாக முன்வைத்தார். அடுத்த வருஷம் அமெரிக்காவில் ராபர்ட் வென்சூரியும் டெனிஸ் ஸ்காட் பிரவுனும் யேல் பல்கலைக்கழக மாணவர்களை லாஸ் வேகாஸுக்கு அழைத்துச் சென்று, படித்தவர்கள் ஆபாசமென்று முகம் சுளித்த விளம்பரப் பலகைகளையே பாடமாக வைத்துக் கற்கச் செய்தார்கள். அங்கே கட்டடம் சிறியது, பலகையே பெரியது என்பது அவர்கள் கண்ட முடிவுகளில் ஒன்று.

இவ்வளவையும் படித்துவிட்டு விடுமுறையில் ஊருக்கு வந்தவள், பேருந்து நிறுத்தத்திலிருந்து புறப்பட்டு, எவரையும் எதுவும் கேட்காமல், பலகைகள் சொல்லும் திசையிலேயே நடந்து, எங்கே கொண்டுபோய் விடுகின்றனவோ அங்கே நிற்பது என்று ஒரு திட்டம் வகுத்திருந்தாள். முதல் தெருவின் முனை தாண்டுவதற்குள் திட்டம் முறிந்தது. திண்ணையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, "யாரப் பாக்கணும்?" என்றார். "யாரையும் இல்ல பாட்டி, சும்மாதான்" என்று சொன்னதற்கு, "சும்மான்னா?" என்று அடுத்த கேள்வி வந்தது, அதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்து, "யாரு வீட்டுப் பிள்ள நீ?" என்று மூன்றாவதும் வந்துவிட்டது. அடுத்த தெருவிலும் அதே கேள்விகள், வரிசை மட்டும் மாறி. சொந்த ஊரிலேயே இப்படியானால் அந்நியனுடைய கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இதை அவள் ஒரு தோல்வியாகவே என்னிடம் பிரஸ்தாபித்தாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாரிஸில் அலைந்தவர்களைப் பாரிஸ் கவனிக்கவில்லை, ஆதலால் அவர்களால் அலைய முடிந்தது. சின்னாளப்பட்டியில் கவனிக்கப்படாமல் பத்து வீடு கடப்பது ஆகாத காரியம். இலக்கில்லாத நடைக்கு இங்கே இடமில்லையென்றால், அந்த இடமின்மையே அவள் எடுத்துக்கொள்ளவேண்டிய விஷயம் என்பது என் அபிப்பிராயம்.

ஏனெனில் நம்முடைய சிற்றூர்களில் வழியென்பது பலகையில் இல்லை, வாயில் இருக்கிறது. விலாசம் எழுதிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவனும் டீக்கடையில்தான் போய் நிற்கிறான். "நேராப் போயி, டிரான்ஸ்பார்மர் கிட்ட எடது கைப்பக்கம் திரும்பி, அங்க யாரையாச்சும் கேளுங்க, சொல்லுவாங்க" என்று பதில் வருகிறது. வழி சொல்லுகிறவர் எவரும் முழு வழியைச் சொல்லாமல், பாதியில் வேறொருவரிடம் நம்மை ஒப்படைத்துவிடுவதையும், அந்த வேறொருவர் இருப்பார் என்பதில் அவருக்கு லவலேசமும் சந்தேகமில்லாதிருப்பதையும் நான் பலமுறை ரசித்திருக்கிறேன். 1946-இல் மதுரைக்குப் பிரயாணமான காந்தியடிகளின் ரயில், பக்கத்திலுள்ள அம்பாத்துறையில் நின்றபோது கூடிய பெருங்கூட்டம் எந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்துக் கூடியது? அடுத்த வருஷம் டாக்டர் சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தபோதும், அங்கே பிரசவத்துக்கு வந்த தாய்மார்கள் வாய்வார்த்தையை நம்பித்தான் வந்திருப்பார்கள்.

அப்படியானால் தெரு நிறைய இருக்கும் பலகைகள் எதற்கு என்று கேட்கலாம். அவை 'எங்கே' என்ற கேள்விக்குப் பதிலல்ல, 'யார்' என்ற கேள்விக்குப் பதில். கோயில் குழல்விளக்கின்மேல், வெளிச்சத்தையே மறைக்கும்படி, உபயம் செய்தவர் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. பயணியர் நிழற்குடையில் ஊர்ப்பெயரைவிடப் பெரிதாக, எந்தச் சட்டமன்ற உறுப்பினருடைய தொகுதி நிதியில் அது கட்டப்பட்டதென்று பொறித்திருக்கிறது. வீட்டு முகப்பில் பிள்ளைகளின் பெயரோ தாய் தந்தையரின் பெயரோ சேர்ந்த ஓர் 'இல்லம்'. காதணி விழாப் பதாகையில் தாய்மாமன்மார் வரிசையாக நின்று கும்பிடுகிறார்கள். விழா எந்த மண்டபத்தில் என்பதைக் கீழ் மூலையில் தேடிப் பிடிக்க வேண்டும். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியோ, இறந்தவருக்கு எத்தனை பேரன் பேத்திகள் என்று சொல்லுகிற அளவுக்கு விவரமாக வேறெதையும் சொல்லுவதில்லை. வழிகாட்டுவதற்கென்றே நிற்கும் பச்சைப் பலகைகள் ஊருக்கு வெளியே, ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கின்றன. சின்னாளப்பட்டிக்கு வருகிறவனுக்கு அவை வேண்டியதில்லை, சின்னாளப்பட்டியைத் தாண்டிப் போகிறவனுக்கே வேண்டும்.

பழங்காலத்தில் நம்மவர்க்கு வழிப்பலகை என்ற எண்ணமே இருந்ததில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. இதே நெடுஞ்சாலை வடக்கே தொட்டுச் செல்லும் தர்மபுரிப் பக்கத்தில், அதியமான் பெருவழி என்ற பழைய வணிகப் பாதையில் நாட்டப்பட்டிருந்த காதக்கற்கள் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. நாவற்றாவளம் என்ற இடத்துக்கு இத்தனை காதம் என்று அவற்றில் பொறித்திருப்பதோடு, எழுத்தறியாத வண்டிக்காரனும் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளும்படி அந்த எண்ணிக்கையைப் பெரிதும் சிறிதுமான குழிகளாகவும் குடைந்திருக்கிறார்கள். உபயதாரர் பெயரை முன்னே தள்ளாமல், கேட்டவனுக்குக் கேட்டதை மட்டும் சொல்லும் அந்தக் கல்லின் அடக்கம் இன்றைய பதாகைகளுக்கு வாய்க்கவில்லை. இந்தப் பெண்ணிடம் அந்தக் குழிகளைப் பற்றிச் சொன்னபோது, அதுவரை நான் சொன்ன எதையும் எழுதிக்கொள்ளாதவள் குறிப்பேட்டைத் திறந்தாள்.

பலகை 'யார்' என்பதைச் சொல்லுகிற வஸ்துவாக இருப்பதனால்தான் நம் நாட்டில் அதன்பொருட்டு மனிதர்கள் சிறை சென்றிருக்கிறார்கள். 1952 ஆகஸ்டில் ரயில் நிலையங்களில் இந்தி எழுத்துகளின்மேல் தார் பூசப்பட்டது. 1953 ஜூலையில் டால்மியாபுரம் என்ற நிலையப் பெயரின்மேல் கல்லக்குடி என்று அச்சிட்ட தாளை ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் படுத்தார் மு. கருணாநிதி. அந்த நிலையத்தில் இறங்க வேண்டிய எவனும் பெயர் தெரியாமல் தவறி இறங்கிவிட்டதாக வழக்கில்லை, வழக்கு வேறு. கடைப் பலகைகளில் தமிழ் முதலிலும், அடுத்து ஆங்கிலமும், பிறகு ஏனைய மொழிகளும் 5:3:2 என்ற விகிதத்தில் எழுதப்பட வேண்டுமென்று பின்னர் விதி ஏற்பட்டது. சின்னாளப்பட்டியின் விசேஷம் என்னவென்றால், நெசவாளர் வீடுகள் பலவற்றில் கன்னடமும் தெலுங்கும் புழங்குகின்றன. அடுப்படியிலும் தறியடியிலும் பேசப்படும் அந்தப் பாஷைகள் அந்த இரண்டு பங்கு இடத்தையும் கேட்டு எந்தப் பலகையிலும் ஏறியதில்லை, ஏறவேண்டுமென்று அவர்கள் ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை. அவற்றை அறையில் குரலாக மட்டும் ஒலிக்கவிடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள். அது நல்ல யோசனை.

எழுத்தையே சித்திரமாக்கும் மரபு அவளுக்குச் சென்னையிலேயே கிடைக்கிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியின் தலைமையை 1957 முதல் பத்தாண்டு வகித்தவரும், 1966-இல் சோழமண்டலம் கலைக்கிராமத்தை உருவாக்கியவருமான கே.சி.எஸ். பணிக்கர், 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவியவரிசையைத் தீட்டினார். ஜாதகக் கட்டங்களும் கணிதக் குறிகளும் மலையாள எழுத்தைப்போல் தோன்றிப் படிக்க வராத வரிகளும் நிறைந்த படங்கள் அவை. படிக்க முடியாத எழுத்தின்முன் படித்தவனும் பாமரனும் ஒரே நிலைக்கு வந்துவிடுகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு திருப்தியுண்டு.

அந்தப் பள்ளியில் பயிலாமலே எழுத்தைச் சித்திரமாக்கியவர்கள் தெருவிலிருந்தார்கள். தகரத்துக்கு முதற்பூச்சு கொடுத்து, சாக்குக்கட்டி தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டு, 'ழ'கரத்தின் சுழிப்பிலும் நிழல் விழும் பக்கத்திலும் தத்தம் கைத்திறனைக் காட்டி, கீழ் மூலையில் தம் பெயரோடு 'ஆர்ட்ஸ்' என்று சேர்த்துக் கையெழுத்திட்டவர்களை, புத்தாயிரத்தின் முதற் பத்தாண்டில் பெருகிய ஃபிளெக்ஸ் அச்சு அநேகமாகத் துடைத்துவிட்டது. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் பதாகை சரிந்து ஓர் இளம்பெண் உயிர் துறந்த பிறகு சில காலம் அவை அடங்கியிருந்தன, பின்பு திரும்பிவந்தன. ஃபிளெக்ஸில் செய்தவன் பெயர் இருப்பதில்லை, செய்வித்தவன் முகம் மட்டும் இருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு சங்கதியை மறைக்காமல் சொல்ல வேண்டும். "யாரப் பாக்கணும்?" என்ற கேள்வியை உபசாரத்தின் அடையாளமென்று புகழ்ந்து, நகரவாசிகளை ஏங்கவைக்கும்படி எழுதிவிடுவது சுலபம். ஆனால் "யாரு வீட்டுப் பிள்ள?" என்பது எங்கே போய் முடியுமென்பது கேட்கிறவருக்கும் தெரியும், சொல்லுகிறவருக்கும் தெரியும், ஊர், தெரு, அப்பன் பெயர், அதற்குமேல் ஒன்று. சாதிப் பெயர் தாங்கிய தெருக்களுக்கு வேறு பெயர் சூட்டும்படி 2025 அக்டோபரில் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. வரவேற்கத்தக்க ஆணை, ஆயினும் பலகையிலிருந்து இறங்குகிற பெயர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கேள்வியாகிவிடுமானால், அதை இறக்கப் பெயிண்ட் போதாது. பெண்ணாயிருந்தால் கேள்வி இன்னும் நீளும், நேரமும் துணையும் விசாரிக்கப்படும். ரிச்சர்ட் லாங் புல்வெளியில் நடந்தபோது அவரை அத்தகைய கேள்வி கேட்க ஆளிருந்திருக்காது என்று அவள் சொன்னாள். அதைச் சற்றுக் கசப்போடுதான் சொன்னாள், கசப்புக்கு நியாயமும் உண்டு.

இப்போது அவளுடைய திட்டம் மாறியிருக்கிறது. பலகை சொன்னபடி நடப்பதை விட்டுவிட்டு, நடக்கையில் எங்கெங்கே நிறுத்திக் கேட்கப்பட்டாளோ அங்கெல்லாம் ஒரு முடிச்சு என்று, சேலை நீளத்துக்கு ஒரு வெள்ளைத் துணியில் கட்டிவருகிறாள். சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்ற ஊரில் இந்த எண்ணம் தோன்றியது இயல்பே. துணியை நகநுனியால் கிள்ளியெடுத்து நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கினால், கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும். மெழுகு அச்சு பரவிய பிறகு கையால் முடிச்சுக் கட்டுகிறவர்கள் அருகிவிட்டார்கள். அவளுடைய அத்தைக்கு அந்தக் கை இன்னும் இருக்கிறது. நிறுத்தப்பட்ட இடங்களில் மட்டும் சாயம் பிடிக்காத ஒரு நடையை, தெருவின் நெளிவோடு அறையின் குறுக்கே தொங்கவிடப் போகிறாள்.

அம்புக்குறிகளை அடியோடு எடுத்துவிடு என்று நான் யோசனை சொன்னேன், அவள் கேட்கவில்லை. ஒரேயொரு தகரப் பலகை, அதில் ஓர் அம்புக்குறி, ஊர்ப் பெயரில்லாமல் வேண்டுமென்று திண்டுக்கல்லில் ஒரு பழைய ஓவியரைப் பிடித்திருக்கிறாள். அவர் எந்த ஊருக்கு, எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டிருக்கிறார். ஊர் இல்லையென்று சொன்னதும், ஊரில்லாத அம்புக்குறி போட்டால் வழிப்போக்கன் சாபம் தம்மைத்தான் சேருமென்று மறுத்து, மூலையில் தம் கையெழுத்தைச் சற்றுப் பெரிதாகப் போட்டுக்கொள்ள அனுமதித்தால் செய்வதாக இறங்கிவந்திருக்கிறார். முன்பணம் கொடுத்தாயிற்று.

அறை வாசலில் படைப்பை விளக்கும் குறிப்பொன்று ஒட்டப்பட வேண்டுமென்பது கல்லூரியின் சம்பிரதாயம். குறிப்புக்குப் பதிலாக அத்தையையே வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, முடிச்சுக் கட்டியபடியே, உள்ளே நுழைகிற ஒவ்வொருவரையும், பரீட்சகர் உட்பட, யாரைப் பார்க்க வேண்டுமென்று கேட்கச் செய்வதாக ஏற்பாடு. அத்தை சம்மதித்துவிட்டார். ரயில் செலவு யாருடையது, தங்குவது எங்கே, பரீட்சகர் "சும்மா" என்று பதில் சொன்னால் உள்ளே விடலாமா கூடாதா என்பவை மட்டும் இன்னும் பேசி முடியவில்லை.