மழை கெடுத்துவிட்டதா?

"அத்தனை தொலைவு சென்றோம், மழை வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது." அமெரிக்காவில் வாழும் பிள்ளைகளைக் காணச் சென்று, வழியில் யூட்டா மாநிலத்தின் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவையும் பார்த்துத் திரும்புவோர் சிலர் இப்படிக் குறைப்படுகின்றனர். இந்தக் குறையை என்னால் ஏற்க இயலவில்லை. எதைக் காணச் சென்றார்களோ அதைச் செய்த கையையே அவர்கள் பழிக்கிறார்கள்.

அந்தப் பாலை நிலத்தில் 2000-க்கும் மேற்பட்ட இயற்கைக் கல் வளைவுகள் உள்ளன. ஆண்டு முழுவதும் அங்குப் பெய்வது ஏறத்தாழ 8 முதல் 10 அங்குல மழையே. அடியில் புதைந்து கிடக்கும் பண்டைய உப்புப் படுகை அசைந்தபோது மேலிருந்த மணற்கல் நெடுக வெடித்தது. வெடிப்புகளில் மழைநீர் இறங்கிற்று. மணலோடு மணலைப் பிணைத்திருந்த சுண்ணச் சாந்தை அது சிறிது சிறிதாகக் கரைத்தது. குளிர்காலத்தில் உறைந்து விரிந்து பாறையைப் பிளந்தது. சுவர்போல் நின்ற பாறைகளில் துளைகள் விழுந்தன, துளைகள் வளைவுகளாயின. அந்த வேலை இன்னும் முடியவில்லை. 1991-ல் 'லேண்ட்ஸ்கேப் ஆர்ச்' என்னும் நீண்ட வளைவிலிருந்து ஏறக்குறைய 60 அடி நீளப் பலகைக்கல் பெயர்ந்து விழுந்தது. அதன் அடியில் செல்லும் பாதையை மூடிவிட்டார்கள். 2008 ஆகஸ்டில் 'வால் ஆர்ச்' ஓர் இரவில் முற்றாகச் சரிந்தது.

"வாழ்நாளில் ஒருமுறை வரும் முதியவர் ஏமாற்றம் அடைவது குற்றமா?" என்று கேட்கலாம். குற்றமன்று. ஆனால் அந்த ஏமாற்றம் உரிமைக் குரலாக மாறி, "கட்டணம் செலுத்தியிருக்கிறோம், வழி விடுங்கள்" என்று பூங்காக் காவலரிடம் வாதாடும்போதுதான் எனக்குச் சினம் வருகிறது. நனைந்த மணற்கல் தன் வலிமையில் பெரும்பகுதியை இழக்கிறது; பிடித்த பிடி கையோடு வந்துவிடும். பாதையிலுள்ள சேற்றுக்கு அஞ்சி ஓரமாக விலகி நடப்பவர், மணலைக் கட்டிக் காக்கும் உயிருள்ள மேலோட்டை மிதித்து அழிக்கிறார். அது மீளப் பல்லாண்டுகள் ஆகும். (காலணி கழுவ ஐந்து நிமிடம் போதும்!) உயிரும் போகும். 1997 ஆகஸ்டில் அண்டை மாநிலமான அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 பயணிகளை வெள்ளம் கொண்டுபோயிற்று. மழை கொட்டியது அங்கன்று, பல கல் தொலைவுக்கு அப்பால்.

பொறுத்திருப்பவருக்கோ காட்சிக்குப் பஞ்சமில்லை. செம்மண் நிறப் பாறை நனைந்து கருஞ்சிவப்பாகிறது. வறண்ட முகடுகளிலிருந்து சில மணி நேரமே வாழும் அருவிகள் விழுகின்றன. பாறைக்குழிகளில் நீர் தேங்கியதும், உலர்ந்த புழுதிக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கிய முட்டைகளிலிருந்து சின்னஞ்சிறு இறால் இனங்கள் பிறக்கின்றன. வெயில் நாளில் மட்டும் வருபவர் இவற்றை எங்கே காண்பார்?

உண்மையில் என் வழக்கு பயணியோடு மட்டுமன்று. நீலவானப் படத்தை அச்சிட்டுக் காட்டி, இரண்டு மணி நேரத்தில் பூங்காவைச் சுற்றிக் காட்டுவதாகப் பணம் பெறும் முகவர்களோடும்தான். அவர்களது அட்டவணையில் மழைக்கு ஒரு பகற்பொழுதுகூட ஒதுக்கப்படுவதில்லை. பணம் கட்டுமுன் அதைக் கேட்டுப் பெறுங்கள்.