பாடங்களுக்கு நடுவே வேலி எதற்கு?

உயர்நிலைப் பள்ளியில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்ததும், "உயிரியலா, இயற்பியலா? எதைப் படித்தால் எதிர்காலம் நன்றாக இருக்கும்?" என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் மற்றதை அடியோடு மறந்துவிடலாம் என்று மாணவர் சிலர் நினைக்கின்றனர். இவ்வெண்ணம் சரியன்று என்பதை அமெரிக்க அறிவியலாளர் ஏஞ்சலா பெல்ச்சரின் கல்விப் பயணம் உணர்த்துகிறது.

பெல்ச்சர் இளங்கலைப் படிப்பில் உயிரியலில் கவனம் செலுத்தினார். பின்னர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வை மேற்கொண்டு 1997இல் முனைவர் பட்டம் பெற்றார். சீனப் புத்தாண்டு விருந்துகளில் இடம்பெறும் அபலோன் என்னும் கடல் நத்தையின் ஓடுதான் அவரது ஆய்வுப்பொருள். அந்த ஓட்டின் பெரும்பகுதி, சுண்ணாம்புக் கல்லில் உள்ள அதே கால்சியம் கார்பனேட்டுதான். ஆயினும், அது எளிதில் நொறுங்குவதில்லை. நத்தை சுரக்கும் சிறிதளவு புரதம், அந்தத் தாதுவை மெல்லிய அடுக்குகளாக ஒழுங்குபடுத்திப் பிணைப்பதே அதற்குக் காரணம். இதற்குச் சூடான உலை தேவையில்லை. நச்சு இரசாயனமும் தேவையில்லை.

நத்தையால் ஓடு கட்ட முடியுமானால், வேறோர் உயிரைக் கொண்டு மின்கலம் கட்ட முடியாதா? இக்கேள்விக்கு விடை காண உயிரியலும் வேதியியலும் மட்டும் போதவில்லை. எனவே, முனைவர் பட்டத்திற்குப் பின் அவர் மின்பொறியியல் துறையிலும் ஆய்வு செய்தார். 2002இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். மனிதரைத் தாக்காமல் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் எம்13 என்ற வைரஸின் மரபணுவை அவரது குழுவினர் மாற்றினர். அதனால், அதன் மேலுறைப் புரதம் உலோகப் பொருள்களை ஈர்த்துப் பிடித்துக்கொண்டது. இம்முறையில் 2006இல் மின்கலத்தின் ஒரு முனையையும் 2009இல் மறுமுனையையும் உருவாக்கினர். உயிர்ப்பொருளும் உயிரற்ற பொருளும் இணைந்த இத்தகைய படைப்புகளே உயிர்க்கலப்புப் பொருள்கள் எனப்படுகின்றன.

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பது பழமொழி. பல துறைகளைத் தொடுபவர் எதிலும் ஆழம் காண மாட்டார் என்று சிலர் வாதிடலாம். காரணமின்றித் துறை மாறுவோர்க்கு அவ்வெச்சரிக்கை பொருந்தும். பெல்ச்சரோ ஒரே கேள்வியைப் பற்றிக்கொண்டு, அது அழைத்துச் சென்ற துறைகளுக்கெல்லாம் சென்றார். ஒவ்வொன்றையும் முறையாகக் கற்றார். தெரியாததைத் தெரிந்தவருடன் சேர்ந்து செய்தார். அவர் வெட்டியது ஒரே மரம். கையாண்ட கருவிகள்தாம் பல.

வைரஸ் மின்கலம் கடைகளை நிறைத்துவிடவில்லையே என்றும் சிலர் கேட்கலாம். ஆனால், அந்த ஆய்வில் பயன்பட்ட அதே வைரஸும் கார்பன் நுண்குழாய்களும், கருப்பைக் குழாய்க்கு அருகிலுள்ள சினைப்பையில் தோன்றும் மிகச் சிறிய புற்றுக்கட்டிகளைக் கண்டறியும் ஆய்வுக்குப் பின்னர் உதவின. அறிவு எங்கே பயன் தரும் என்பதை முன்கூட்டியே அளந்து சொல்ல இயலாது.

எனவே, மாணவர்கள் பாடங்களைத் தேர்ந்தெடுக்கட்டும். அவற்றில் ஆழமாகக் கற்கட்டும். ஆனால், தேர்ந்தெடுக்காத பாடத்தின் கதவைப் பூட்டிவிட வேண்டியதில்லை. மனத்தில் எழும் கேள்வி ஒருநாள் அக்கதவைத் தட்டக்கூடும்.