கம்பெனிக்கு ஒரு பெரிசு

புதுசாகத் தொழில் தொடங்குகிற இளைஞனிடம் இன்று எல்லாம் இருக்கிறது. லோகோ இருக்கிறது. வெப்சைட் இருக்கிறது. ‘ஃபவுண்டர் அண்ட் சி.இ.ஓ.’ என்று விஸிட்டிங் கார்டு இருக்கிறது. (கம்பெனியில் மொத்தம் இரண்டே பேர். இன்னொருவர் கோ-ஃபவுண்டர்.) மார்பில் கம்பெனி பேர் போட்ட டி-ஷர்ட்கூட இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். ‘தம்பி, இது தேறாது, விட்டுடு’ என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒரு ஆள்.

அம்மா சொல்ல மாட்டாள். பிள்ளை எதைச் செய்தாலும் அவளுக்குப் பெருமை. அப்பாவுக்கு எதைச் செய்தாலும் தேறாது. ஆகவே அதையும் கணக்கில் சேர்க்க முடியாது. நண்பர்கள் ‘சூப்பர் மச்சி’ என்று சொல்லிவிட்டு டீக்குக் காசு கொடுக்காமல் போய்விடுவார்கள். வேலைக்கு வைத்த பையன்கள் சம்பளம் வாங்குகிறவர்கள், முதலாளியை எதிர்த்துப் பேசுவார்களா? பணம் போட்டவரிடமோ நாமே பாதி நிஜத்தைத்தான் சொல்கிறோம்.

சரி, இருபத்தெட்டாம் தேதி ராத்திரி. ஒண்ணாம் தேதி எட்டுப் பேருக்குச் சம்பளம் போட வேண்டும். பாங்க்கில் மூணு பேருக்குத்தான் பணம் இருக்கிறது. யாருக்கு போன் போடுவீர்கள்?

சட்டென்று ஒரு பெயர் ஞாபகம் வந்தால் நீங்கள் பாதி பிழைத்தீர்கள். அந்தப் பெயருக்கு அமெரிக்காவில் மென்ட்டர் என்கிறார்கள். நம் ஊரில் பெரிசு.

* * *

ஆப்பிள் கம்பெனி கார் ஷெட்டில் பிறந்த கதை எல்லாருக்கும் தெரியும். அந்தக் கம்பெனிக்கு இரண்டு பெரிசுகள் இருந்த கதை அவ்வளவாகத் தெரியாது.

முதல் பெரிசு ரான் வெய்ன். 1976 ஏப்ரல் 1 அன்று (ஆமாம், முட்டாள்கள் தினம்தான்) ஸ்டீவ் ஜாப்ஸ், ஸ்டீவ் வாஸ்னியாக் இவர்களோடு மூன்றாவது கூட்டாளியாகக் கையெழுத்துப் போட்டார். இரண்டு ஸ்டீவ்களும் இருபதுகளில் இருந்தார்கள். இவருக்கு வயசு 41. இரண்டு பேரும் சண்டை போட்டால் தீர்ப்புச் சொல்ல வேண்டும், அதற்காக 10 சதவிகிதப் பங்கு. பன்னிரண்டே நாளில் அந்தப் பங்கை 800 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார்.

இதைச் சொல்லி உலகம் பூரா அந்த மனுஷனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பி.காம். படித்தவர்கள் சிரிக்கக் கூடாது. அது கூட்டு வியாபாரம். பார்ட்னர்ஷிப் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியின் சொந்த சொத்தும் ஜவாப்தாரி என்று முதல் வருஷமே படித்து, பரீட்சையில் எழுதி, மறந்தும் இருப்போம். ஜாப்ஸ் முதல் ஆர்டருக்காக சாமான்களைக் கடனில் வாங்கிக்கொண்டிருந்தார். இரண்டு ஸ்டீவ்களிடமும் ஜப்தி செய்ய ஒன்றும் கிடையாது. வெய்னிடம் கொஞ்சம் சொத்து இருந்தது. கடன்காரன் யார் வீட்டுக் கதவைத் தட்டுவான்? பயந்ததில் நியாயம் இருக்கிறது.

அந்த வருஷக் கடைசியில் இரண்டாவது பெரிசு வந்தார். மைக் மார்க்குலா. பெரிசு என்றதும் நரைத்த தலையைக் கற்பனை செய்யாதீர்கள். வயசு 34. இன்டெல் கம்பெனியில் மார்க்கெட்டிங் பார்த்து, அதன் பங்குகளில் நன்றாகச் சம்பாதித்து, முப்பதுகளின் ஆரம்பத்திலேயே ரிடையராகி வீட்டில் உட்கார்ந்திருந்தார். (நம் ஊரில் அந்த வயசில்தான் பெண் பார்க்கவே கிளம்புகிறோம்.) ‘மார்க்கெட்டிங் தெரிந்த ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் பணம் பேசலாம்’ என்று டான் வாலன்டைன் என்ற முதலீட்டாளர் கைகாட்டிய ஆள் இவர்.

மார்க்குலா முதலீடும் கடனுமாக இரண்டரை லட்சம் டாலருக்குப் பொறுப்பேற்று, மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார். ஆனால் பணம் வேறு யாரிடமாவது கிடைத்திருக்கும். அவர் செய்த மற்ற காரியங்களைப் பாருங்கள்.

வெய்னைப் பயமுறுத்திய அந்தக் கூட்டு வியாபாரத்தைக் கலைத்து, 1977 ஜனவரி 3 அன்று ஆப்பிளை முறையான கம்பெனியாகப் பதிவு செய்ய வைத்தார். வாஸ்னியாக் ஹெச்.பி.யில் மாசச் சம்பளத்தை விடாமல் சைடில் கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்தார். ‘அங்கே ராஜினாமா செய், இல்லாவிட்டால் நான் வரவில்லை’ என்று கெடு வைத்தார். வாஸ்னியாக் முதலில் முடியாது என்று சொல்லிவிட்டு, அப்புறம் வழிக்கு வந்தார். ‘கம்பெனியை நடத்த உங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது’ என்று மைக் ஸ்காட் என்பவரைத் தலைவராகக் கொண்டுவந்தார். இருபத்திரண்டு வயசுப் பையனிடம், அவன் கம்பெனியிலேயே, ‘நீ தலைவர் இல்லை’ என்று சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! கேட்டுக்கொள்வதற்கு அதைவிட.

அப்புறம் ஒரு பக்கத்தில் மூன்று பாயின்ட் எழுதிக் கொடுத்தார். வாங்குகிறவன் மனசில் இருப்பதை அவனைவிட நன்றாகப் புரிந்துகொள். முக்கியமில்லாததை ஒதுக்கு. மூன்றாவது, சரக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வெளித்தோற்றத்தை வைத்துத்தான் ஜனங்கள் எடை போடுவார்கள். (தீபாவளி ஸ்வீட்டைவிட ஸ்வீட் பாக்ஸுக்கு அதிகம் மெனக்கெடும் நம் ஊர்க் கடைக்காரருக்கு இது பிறவி ஞானம்.) ஆப்பிள் பெட்டியைப் பிரிக்கிறபோதே ஒரு மரியாதை வருகிறதே, அதற்கு வேர் இந்தக் காகிதத்தில் இருக்கிறது.

இன்னொரு விஷயம். செக் புத்தகக் கணக்கைச் சரிபார்க்க மார்க்குலா தானே ஒரு புரோகிராம் எழுதினார். அந்தக் காலத்தில் கேசட் டேப்பிலிருந்து ஏற்ற வேண்டும், உயிர் போய்விடும். எரிச்சலாகி, ‘ஃப்ளாப்பி டிஸ்க் ஒன்று செய்து கொடு’ என்று வாஸ்னியாக்கிடம் கேட்டார். 1978-ல் ஆப்பிளின் டிஸ்க் டிரைவ் வந்தது, வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. வெறும் வாய்வார்த்தை ஆலோசகருக்கும் சரக்கைத் தானே உபயோகித்துப் பார்க்கிற ஆலோசகருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

* * *

குரு என்றால் கடைசிவரை நம் பக்கமே நிற்பார் என்று நினைக்கக் கூடாது. 1985-ல் ஜாப்ஸுக்கும் அப்போதைய சி.இ.ஓ. ஜான் ஸ்கல்லிக்கும் மோதல் வந்தபோது மார்க்குலா நின்றது ஸ்கல்லி பக்கம். அப்பா ஸ்தானத்தில் வைத்திருந்தவர் கைவிட்டுவிட்டார் என்று ஜாப்ஸுக்கு அது ஆறாத ரணம்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, 1997-ல், ஜாப்ஸ் ஆப்பிளுக்குத் திரும்பி வந்து பழைய டைரக்டர்களை வீட்டுக்கு அனுப்பினார். மார்க்குலாவுக்கு மட்டும் லெட்டர் அனுப்பவில்லை. நேரில் வீட்டுக்கே போய்ச் சொன்னார். சொல்லிவிட்டு, இரண்டு பேரும் மரங்களுக்கு நடுவே நடந்தபோது யோசனையும் கேட்டார்! நிலைத்து நிற்கிற கம்பெனி தன்னைத்தானே புதுசாக்கிக்கொள்ள வேண்டும், கம்ப்யூட்டரோடு நிற்காமல் வேறு சாதனங்களுக்குப் போ என்கிற மாதிரி பெரியவர் சொன்னதாக வால்டர் ஐசக்ஸன் எழுதிய ஜாப்ஸ் வரலாற்றில் இருக்கிறது. 2001-ல் ஐபாட் வந்தது. 2007-ல் ஐபோன்.

வேலையிலிருந்து நீக்கப் போன இடத்தில் யோசனை கேட்கிறான் ஒருவன். நீக்கப்பட்டவர் கோபிக்காமல் சொல்கிறார். இந்த உறவுக்கு ஒப்பந்தப் பத்திரத்தில் இடமே கிடையாது.

* * *

கூகுளுக்கும் ஒரு பெரிசு உண்டு. பில் கேம்ப்பெல். பழைய கால்பந்து கோச் (அமெரிக்கக் கால்பந்து, கையால் ஆடுவது). கொலம்பியா யுனிவர்சிட்டி டீமுக்கு ஆறு சீஸன் கோச்சாக இருந்து ஜெயித்தது 12 மேட்ச், தோற்றது 41, டிரா 1. அப்புறம்தான் கம்பெனி உத்தியோகத்துக்கு வந்தார். தோல்வியில் முதுகலைப் பட்டம் வாங்கினவர் என்பதாலேயே அவர் பேச்சை நம்பலாம்.

2001-ல் எரிக் ஷ்மிட்டிடம் ‘உங்களுக்கு ஒரு கோச் வேண்டும்’ என்றபோது, ‘சி.இ.ஓ.வுக்கு எதற்கய்யா கோச்?’ என்று அவருக்குச் சுருக்கென்றது. அதே வருஷம் கூகுளில் மேனேஜர்களே வேண்டாம் என்று எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். எஞ்சினீயர்களுக்கு மேஸ்திரி எதற்கு என்பது லாரி பேஜ் கட்சி. கேம்ப்பெல் வாதம் செய்யவில்லை. எஞ்சினீயர்களையே கூப்பிட்டுக் கேட்டார். மேனேஜர் வேண்டும் என்றார்கள் அவர்கள்! கற்றுக்கொள்ள ஒருவர் வேண்டும், எங்களுக்குள் முட்டிக்கொண்டால் முடிவு சொல்ல ஒருவர் வேண்டும் என்றார்கள்.

நல்ல பெரிசு பதிலை மட்டும் சொல்ல மாட்டார். பதில் யாரிடம் இருக்கிறது என்று காட்டிவிடுவார். கேம்ப்பெல் 2016-ல் காலமானார். 2019-ல் சீடர்கள் அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள்.

* * *

நமக்கு இது புதுசா என்ன? செட்டிநாட்டுப் பிள்ளைகள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய காலத்தில், போன உடனே எவனும் முதலாளி ஆகவில்லை. பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, அப்புறம்தான் மேலாள். யாருக்குக் கடன் கொடுக்கலாம், எவன் ஊரைவிட்டு ஓடுவான் என்பதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றார்கள். இன்று அந்தப் படியெல்லாம் கிடையாது. காலேஜ் முடித்த மறுநாளே மேலாள். பெட்டியடி அனுபவத்தை வெளியிலிருந்துதான் கடன் வாங்க வேண்டும்.

ஆனால் பெரிசு என்ற பெயரில் டுபாக்கூர்களும் உலாவுகிறார்கள். அடையாளம் கண்டுபிடிக்கச் சில குறிப்புகள்:

1. உங்கள் கணக்கைப் பார்க்காமலே அறிவுரை ஆரம்பிக்கிறாரா? கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வாருங்கள். டாக்டர்கூட நாக்கை நீட்டச் சொல்லிவிட்டுத்தான் மாத்திரை எழுதுகிறார்.

2. ‘எனக்கு எல்லாரையும் தெரியும்’ என்கிறவருக்கு யாரையும் தெரியாது. ‘இது எனக்குத் தெரியாது, இன்னாரிடம் கேளுங்கள்’ என்கிறவரை விடாதீர்கள்.

3. அதே தொழிலில், அல்லது பக்கத்துத் தொழிலில், சொந்தப் பணத்தை ஒருமுறையாவது இழந்திருக்கிறாரா?

4. முதல் காபிக்கே பத்து சதவிகிதம் பங்கு கேட்கிறாரா? அமெரிக்காவில் ஆரம்பநிலைக் கம்பெனி ஆலோசகருக்குக் கொடுப்பது சாதாரணமாகக் கால் சதவிகிதத்திலிருந்து ஒரு சதவிகிதம்வரை. அதையும் இரண்டு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, வேலை செய்யச் செய்ய. மொத்தமாகத் தூக்கிக் கொடுத்த பங்கைத் திரும்ப வாங்குவது, மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரத்தைத் திரும்பக் கேட்பது மாதிரி.

5. இதுதான் முக்கியமான பரீட்சை. ஒரு கெட்ட செய்தியை அவரிடம் சொல்லிப் பாருங்கள். பதறினால் வேண்டாம். பாடம் எடுத்தால் வேண்டாம். ‘சரி, கையில் எவ்வளவு இருக்கு?’ என்று கேட்டால் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்துக் கடமையும் இருக்கிறது. பணம் கேட்க மட்டும் போகாதீர்கள். போகும்போது நிஜக் கணக்கோடு போங்கள். ஆடிட்டருக்கு ஒன்று, பாங்க்குக்கு ஒன்று, பெரிசுக்கு ஒன்று என்று மூன்று கணக்கு எழுதினால், கடைசியில் உங்களுக்கே எது நிஜம் என்று தெரியாது. அவர் சொன்னதைச் செய்யவில்லையென்றால், ஏன் செய்யவில்லை என்று போய்ச் சொல்லுங்கள். அவருக்குக் கோபம் வராது. தான் சொன்னது என்ன ஆச்சு என்றே தெரியாவிட்டால்தான் மனசு விட்டுப்போகும்.

எட்டுப் பேர் சம்பளத்துக்குத் திரும்புவோம். பெரிசு கைமாற்றுக் கொடுக்காமல் போகலாம். ஆனால் அந்த எட்டுப் பேரையும் உட்காரவைத்து நிலைமையைச் சொல்லச் சொல்வார். வர வேண்டிய பாக்கியில் முதலில் யாரை நெருக்குவது என்று சொல்வார். சில சமயம், ‘போதும் தம்பி, அடுத்த மாசம் மூடிடு, அம்மா நகை மேல கை வெக்காதே’ என்றும் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தால் ஒரு குடும்பம் பிழைக்கும். பாலன்ஸ் ஷீட்டில் அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பின்குறிப்பு: மாமனாரையே பெரிசாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. ஆனால் மேலே சொன்ன ஐந்தாவது பரீட்சையை முதலில் நடத்திப் பாருங்கள். மனைவி ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து.