கழுவிட்டுத் தின்னு கண்ணு

கத்திரி வெயில் ஆரம்பிச்சாச்சு. சாயங்காலம் செடிக்குத் தண்ணி ஊத்தப் போனா, ஒன்றரை வயசுப் பேரனும் சொம்போட பின்னாடியே வர்றான். பாதித் தண்ணி வெண்டைக்கு, மீதி அவன் கால்ல. நேத்து தக்காளியைப் பறிச்சு நேரா வாய்க்குக் கொண்டுபோனான். சட்டுனு கையைப் பிடிச்சுட்டேன். ஒரே அழுகை.

மணலி பக்கத்துல இருக்கிற மாத்தூருங்க இது. சுத்திலும் எண்ணெய் ஆலை, உர ஆலை, கன்டெய்னர் லாரி. இலையைத் துடைச்சா விரல்ல கருப்பா ஒட்டுது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் எண்ணெய் மிதந்ததே, மறந்துடுமா?

அதுக்காகச் செடி வைக்காம இருக்க முடியாது. வைப்போம், கழுவித் தின்போம். ஆனா நான் சின்ன வயசுல பறிச்ச கையோட தின்னேன். பேரனுக்கும் அந்த உரிமை உண்டு. பகுதி சபைக் கூட்டத்துல ரோடு, லைட்டு கேக்கிறோமே, நல்ல காத்தையும் சேர்த்துக் கேளுங்க.