மொய் எழுதும் சமூகமும் எழுதப்படாத பட்டியலும்

சென்ற ஆண்டு என் ஆய்வுத்தோழி ஒருவருக்குத் துணையாக ஒரு வழக்குரைஞரின் அலுவலகத்திற்குச் சென்றிருந்தேன். பக்க எண் இல்லாத மேற்கோள் ஒன்றைக்கூடத் தம் ஆய்வேட்டில் அனுமதிக்காதவர் அவர். வழக்குரைஞர் நான்கு கேள்விகள் கேட்டார். திருமணப் பதிவுச் சான்றிதழ் எங்கே? நகைகளுக்கு ரசீதோ பட்டியலோ உண்டா? கூட்டு வங்கிக் கணக்கின் விவரம் கையில் இருக்கிறதா? வீட்டுக்கடன் பத்திரத்தில் உங்கள் கையொப்பம் உண்டா? முதல் மூன்றுக்கும் "எல்லாம் அவர் வீட்டில் இருக்கிறது" என்பதே விடை. நான்காவதற்கு, "ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள்" என்றார். சான்றில்லாமல் எதையும் சொல்லக்கூடாது என்று ஐந்தாண்டுகள் பயிற்றுவிக்கப்பட்ட ஒருவர், தம் வாழ்க்கைக்குச் சான்று ஒன்றும் இல்லாமல் அங்கே அமர்ந்திருந்தார்.

திரும்பும் வழியில் அவர் கேட்ட கேள்விதான் இப்பதிவுக்குக் காரணம்: "இதையெல்லாம் முன்பே எடுத்து வைத்திருந்தால், திட்டம் போட்டு வந்தவள் என்றுதானே சொல்லியிருப்பார்கள்?"

ஆம், அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். சொத்துப் பத்திரங்களையும் வங்கிக் கணக்குகளையும் ஒரு கோப்பில் ஒழுங்காக வைத்திருக்கும் ஆணை நம் மொழி 'விவரமானவர்' என்கிறது. அதையே மனைவி செய்தால் 'திட்டம் போட்டவள்' ஆகிறாள். கணவனைப் பிரிந்து வாழும் பெண்ணைச் சுட்ட 'வாழாவெட்டி' என்றொரு சொல் இருக்கிறது. மனைவியைப் பிரிந்து வாழும் ஆணைச் சுட்ட அதற்கு இணையான வசைச்சொல் இல்லை. மணவிலக்குக்கு ஆயத்தமாவது திருமணத்திற்கு எதிரான சதி அன்று. தன் வாழ்க்கைக்குரிய சான்றுகளைத் தன்னிடம் வைத்திருப்பது மட்டுமே என்பது என் கருத்து. அதைக் குற்றமாகப் பார்க்கும் வழக்கம், ஆவணங்கள் யார் கையில் இருக்கின்றனவோ அவருக்கே சாதகமாக முடிகிறது.

எழுதி வைப்பது நமக்குப் புதிதன்று. திருமண மண்டபத்தின் வாசலில் அமர்ந்து நூற்றொரு ரூபாயையும் ஊர், பெயர் சகிதம் மொய்நோட்டில் பதிகிறோம். இருபது ஆண்டுகள் கழித்தும் அந்த நோட்டைப் புரட்டித் திருப்பிச் செய்கிறோம். அதே மண்டபத்தில் மணமகளுக்குப் போடப்பட்ட நகைக்கு மட்டும் பட்டியல் இருப்பதில்லை. சட்டமோ அதைக் கேட்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டத்தின்கீழ் 1985இல் வகுக்கப்பட்ட விதிகள், மணமக்களுக்கு வரும் அன்பளிப்புகளைப் பட்டியலிட்டுக் கையொப்பமிட்டு வைக்க வேண்டும் என்கின்றன. நான் கலந்துகொண்ட திருமணங்களில் ஒன்றிலும் அப்படியொரு பட்டியலைக் கண்டதில்லை.

'ஸ்திரீதனம்' என்பதன் திரிபே 'சீதனம்'. பெண்ணின் தனிச்சொத்து என்று பொருள்பட்ட சொல், பேச்சுவழக்கில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுப்பது என்று பொருள் மாறிவிட்டது. சட்டம் பழைய பொருளிலேயே நிற்கிறது. பிரதிபா ராணி எதிர் சூரஜ் குமார் வழக்கில் (1985) உச்ச நீதிமன்றம், சீதனம் மனைவிக்கே உரியது, கணவர் வீட்டார் அதைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் மட்டுமே என்று தெளிவுபடுத்தியது. ஆனால் உரிமை இருந்தால் மட்டும் போதாது; இன்ன நகை இருந்தது என்று காட்டவும் வேண்டும். ரசீது, திருமண ஒளிப்படங்கள், வங்கிப் பெட்டகப் பதிவு ஆகியவை அங்கேதான் பேசும்.

இனி நடைமுறை. இந்துத் திருமணச் சட்டத்தை வைத்தே பேசுகிறேன். பிற சமயத்தாருக்கும் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணந்தோருக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன. இருபது ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி, ஊர்ப் பெரியவர்கள் முன் கையொப்பமிட்டால் திருமணம் முடிந்துவிடும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். நிறுவத்தக்க வழக்காறு உள்ள சமூகங்களுக்கு மட்டும் 29ஆம் பிரிவு விலக்களிக்கிறது. மற்றவர்களுக்கு அந்தத் தாள் மணவிலக்கு ஆகாது. பரஸ்பர ஒப்புதலுடன் பிரிவதற்கு 13பி பிரிவு உண்டு. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு அளித்து ஆறு மாதம் கழித்து மீண்டும் நீதிமன்றத்தை அணுக வேண்டும். தகுந்த சூழலில் இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பானது. மீளமுடியாத முறிவு என்ற அடிப்படையில் அரசமைப்பின் 142ஆம் உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றம் மணவிலக்கு அளிக்கலாம் என்று 2023இல் அரசியல் சாசன அமர்வு கூறியது; அந்த அதிகாரம் குடும்பநல நீதிமன்றத்திற்கு இல்லை.

இங்கே இரண்டு செய்திகள் ஆய்வு மாணவியருக்கு முதன்மையானவை. திருமணம் எங்கே நடந்திருந்தாலும், மனைவி தாம் இப்போது வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில் மனு அளிக்கலாம். 2003ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு வழி செய்தது. மேலும், 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்கள் அனைவரும் இலவசச் சட்ட உதவிக்குத் தகுதியுடையோர். 15100 என்ற எண் அதற்கான வாயில்.

பணத்தைப் பற்றிப் பேசுவதுதான் நமக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தால் இழப்பதும் பெண்களே. கோவாவைத் தவிர, இந்தியாவில் மணவாழ்வில் சேர்த்த சொத்து தானாகவே இருவருக்கும் பொதுவாவதில்லை. யார் பெயரில் பத்திரமோ அவருடையதே சொத்து. இல்லத்தரசியின் உழைப்பும் கணவர் வாங்கும் சொத்துக்கு மூலதனமே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் ஒரு சொத்து வழக்கில் ஏற்றது. அது வரவேற்கத்தக்க தீர்ப்பு. ஆனால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அன்று. எனவே வீட்டுக்கு முன்பணமாகக் கொடுத்த சேமிப்பு, மாதத் தவணைக்காக அனுப்பிய உதவித்தொகை ஆகியவற்றின் வங்கிப் பதிவுகளை ஒவ்வொருவரும் தம்மிடம் வைத்திருக்க வேண்டும். கூட்டுக்கடனில் கையொப்பமிட்டிருந்தால், தம்பதியர் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடு வங்கியைக் கட்டுப்படுத்தாது. கடன் இருவர் தலையிலும் நிற்கும். வருங்கால வைப்புநிதி, காப்பீடு ஆகியவற்றின் நியமனதாரரை மாற்றுவதையும் மறந்துவிடுகிறோம்.

ஜீவனாம்சத்தைப் பொறுத்தவரை, 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கின் தீர்ப்பு ஒரு திருப்புமுனை. வருமானம், செலவு, சொத்து, கடன் அனைத்தையும் இரு தரப்பும் பிரமாணப் பத்திரமாக அளிக்க வேண்டும் என்று அது நெறிப்படுத்தியது. நம் ஆய்வு உதவித்தொகையும் அதில் இடம்பெற வேண்டும். ஆனால் மனைவி ஈட்டுகிறார் என்பதனாலேயே அவருடைய கோரிக்கை அற்றுப்போவதில்லை. இந்தச் சட்டத்தின்கீழ்க் கணவரும் ஜீவனாம்சம் கோரலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். மறைக்காமல் எழுதுபவருக்கு அந்தப் பத்திரம் அரண்.

குடும்பம் என்று வரும்போது சட்டம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும் என்கிறது சட்டம். எவ்வயதிலும் குழந்தையின் நலனே முதன்மை என்கிறது. ஆனால் "அப்பாவிடம் போய்ச் சொல்" என்று குழந்தையைத் தூதனுப்பக் கூடாது என்று எந்தப் பிரிவும் சொல்வதில்லை. எந்தப் பள்ளி, எந்த வீடு, தாத்தா பாட்டியை எப்போது பார்ப்பது என்பவற்றைப் பெற்றோர் முதலில் தமக்குள் முடிவு செய்து, பிறகு இருவரும் சேர்ந்தே குழந்தையிடம் சொல்வது சிறந்த ஆயத்தம். தம் பெற்றோரிடம் சொல்வதற்கும் ஆயத்தம் தேவை. என் தோழி தம் தாயாரிடம் சொல்லப் பதினோரு மாதங்கள் எடுத்துக்கொண்டார். அந்த மாதங்களில் அவருடைய ஆய்வேட்டில் ஒரு பக்கம்கூட நகரவில்லை.

வன்முறை உள்ள வீட்டுக்கு இந்த வரிசை பொருந்தாது. அங்கே உயிர்ப் பாதுகாப்பே முதல் ஆயத்தம். 2005ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு ஆணையையும், வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் வசிக்கும் உரிமையையும் தருகிறது. அச்சத்தின் கீழ் இடும் கையொப்பத்தைப் பரஸ்பர ஒப்புதல் என்று சொல்ல முடியாது.

"இப்படிப் பட்டியல் போட்டு வாழ்ந்தால் நம்பிக்கை எங்கே?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அக்கேள்வியை நான் எளிதாக ஒதுக்கவில்லை. கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவரை நேசிப்பது கடினம்தான். ஆனால் நான் சொல்வது மற்றவரின் கைபேசியை வேவு பார்ப்பதையன்று. தமக்குரிய ஆவணங்களின் நகலைத் தாம் வைத்திருப்பதை. இருவரும் அறிந்தே இதைச் செய்யலாம். ஒருவருக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருப்பதை நம்பிக்கை என்று நம் இல்லங்களில் அழைத்து வந்திருக்கிறோம். பிரிவு வரும்போது, தெரியாதவரே வெறுங்கையுடன் வெளியேறுகிறார்.

பல்கலைக்கழக மானியக்குழுவின் முனைவர் பட்ட விதிகளில், பெண் ஆய்வாளர் "திருமணத்தாலோ பிற காரணத்தாலோ" இடம்பெயர்ந்தால் ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்திற்கு மாற்றிக்கொள்ளலாம் என்றொரு விதி உண்டு. திருமணத்திற்குப் பெயர் இருக்கிறது; மணவிலக்கு 'பிற'வற்றுள் ஒளிந்திருக்கிறது. நெறியாளர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. புதிய ஆய்வாளர்களுக்கு ஆய்வு நெறிமுறை வகுப்பு நடத்துகிறோமே, அதனுடன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தை அழைத்து இரண்டு மணி நேரம் பேசச் செய்யுங்கள். ஆண்களும் அமரட்டும். மேற்கோளுக்குச் சான்று கேட்கும் நாம், தம் பெயரில் உள்ள தாள்கள் எவை என்று அறிந்துகொள்ளவும் நம் மாணவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும்.