குத்துச்சண்டையை விற்கும் 'திரைமறைவு' தொடர்கள்: ரசிகருக்குக் காட்டப்படுவது எது, மறைக்கப்படுவது எது?

பெங்களூரு: கடந்த 2024 நவம்பர் 16, சனிக்கிழமை முற்பகல். சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டில் வியாபாரம் சூடுபிடித்திருக்கும் அந்த நேரத்தில்தான், அமெரிக்காவின் டெக்சாஸில் 58 வயது மைக் டைசனும் 27 வயது ஜேக் பாலும் வளையத்துக்குள் இறங்கினர். நெட்ஃப்ளிக்ஸ் சந்தா வைத்திருந்த எவரும் கூடுதல் கட்டணமின்றி அதைக் கைப்பேசியிலேயே காண முடிந்தது. ஆனால் போட்டியின் விற்பனை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இருவரின் பயிற்சியையும் சொந்த வாழ்க்கையையும் காட்டும் 'கவுன்ட்டவுன்' தொடரை அதே நிறுவனம் அதே மாதத்தில் வெளியிட்டிருந்தது.

இந்த உத்தி புதிதல்ல. 2007-ல் ஆஸ்கர் டி லா ஹோயா - ஃபிளாய்ட் மேவெதர் மோதலுக்கு முன்பு எச்பிஓ தொலைக்காட்சி '24/7' என்ற நான்கு பகுதித் தொடரை ஒளிபரப்பியது. பயிற்சிக்கூடம், குடும்பம், பழைய பகை என அனைத்தும் ஆவணப்பட நேர்த்தியில் அமைந்தன. மே 5 அன்று நடந்த அப்போட்டியைச் சுமார் 24 லட்சம் பேர் தனிக்கட்டணம் செலுத்தி வாங்கினர்; அன்றைய நிலையில் அது சாதனை. பின்னர் ஷோடைம் தொலைக்காட்சியும் 'ஆல் ஆக்சஸ்' என்ற பெயரில் அதே வழியைப் பின்பற்றியது. 1980-ல் முகமது அலி சென்னை நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டிக்கு வந்தபோது இத்தகைய தொடர் எதுவும் தேவைப்படவில்லை என்பதையும் இங்கு நினைவுகூரலாம். அவர் பெயரே போதுமானதாக இருந்தது.

ஆணையத்தின் முன் வெளிவந்த உண்மை

சிக்கல் 2014-ல் அம்பலமானது. மார்கோஸ் மைதானாவுடனான மறுபோட்டிக்கு முன் வெளியான 'ஆல் ஆக்சஸ்' பகுதியில், மேவெதரின் பயிற்சிக்கூடத்தில் இரு வீரர்கள் 31 நிமிடம் இடைவேளையின்றி மோதுவதாகவும், அவரது வீட்டில் சிலர் கஞ்சா புகைப்பதாகவும் காட்சிகள் இடம்பெற்றன. நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் விளக்கம் கேட்டது. மோதலின் நடுவே ஓய்வு வழங்கப்பட்டது, புகைக்கப்பட்டது உண்மையான கஞ்சா அல்ல, போட்டியை விற்பதற்காகவே அவ்வாறு காட்டப்பட்டது என மேவெதர் பதிலளித்தார். ஆணையம் அவர் மீது நடவடிக்கை எடுக்கவில்லை. ஆனால் 'உள்ளது உள்ளபடி' என்று நம்பிப் பார்த்த ரசிகருக்கு அந்த விளக்கம் என்ன ஆறுதல் தந்திருக்கும்?

அடுத்த ஆண்டு நடந்தது இதனினும் பெரிது. 2015 மே 2 அன்று நடைபெற்ற மேவெதர் - மேனி பாக்கியாவோ போட்டியைச் சுமார் 46 லட்சம் பேர் வாங்கினர். உயர்தர ஒளிபரப்புக்கு ஏறத்தாழ 100 டாலர். பயிற்சியின்போதே பாக்கியாவோவின் வலது தோளில் காயம் ஏற்பட்டிருந்தது. போட்டி முடிந்த பிறகே பொதுமக்கள் அதை அறிந்தனர். பயிற்சி முகாமுக்குள் கேமராக்கள் நுழைந்திருந்தும், ரசிகருக்கு மிகவும் தேவைப்பட்ட அந்த ஒரு தகவல் மட்டும் வெளிவரவில்லை. ஏமாற்றப்பட்டதாக ரசிகர்கள் தொடர்ந்த வழக்குகளை 2017-ல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பணம் கொடுத்தவர்கள் ஒரு போட்டியைக் காணும் உரிமையைப் பெற்றனர், அது சலிப்பூட்டியது என்பதற்காக இழப்பீடு கோர இயலாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இந்திய ரசிகருக்கு என்ன தொடர்பு?

எச்பிஓ 2018-லும், ஷோடைம் 2023-லும் குத்துச்சண்டையிலிருந்து விலகிவிட்டன. அந்த இடத்தை இணையத் தளங்கள் பிடித்துள்ளன. போட்டியை ஒளிபரப்பும் தளமே முன்னோட்டத் தொடரையும் வெளியிடுகிறது. பிற ஆவணப்படங்களின் வரிசையிலேயே அதுவும் கிடக்கிறது. இந்தியாவில் சமூக ஊடகப் பிரபலங்கள் பணம் பெற்று வெளியிடும் பதிவுகளில் 'விளம்பரம்' என்ற அடையாளம் இருக்க வேண்டும் என இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு நிமிடப் பதிவுக்கு உள்ள அந்த அடையாளம், மணிக்கணக்கில் ஓடும் முன்னோட்டத் தொடருக்கும் வேண்டும் எனக் கேட்பதில் தவறில்லை.

டைசன் போட்டியின் முடிவு கதையோடு பொருந்தவில்லை. எட்டுச் சுற்றுகளில் அவர் இலக்கில் சேர்த்த குத்துகள் 18 மட்டுமே. ஜூன் மாதத்தில் தாம் உயிரிழக்கும் நிலைக்குச் சென்றதாகவும், எட்டு முறை இரத்தம் ஏற்றப்பட்டதாகவும் தோல்விக்குப் பின் சமூக ஊடகத்தில் எழுதினார்.

அதே மேடையில் ஹரியானா வீரர் நீரஜ் கோயத், பிரேசில் நகைச்சுவைக் கலைஞர் விண்டர்சன் நூனெஸை ஆறு சுற்றுகளில் ஒருமனதான தீர்ப்பில் வென்றார். தொடரின் தலைப்பில் இருந்ததோ பால், டைசன் என்ற இரு பெயர்கள் மட்டுமே.